ஓடுகிற காருக்கு சர்வீஸ் செலவு தேவையா? ஒரே பில்லில் கலந்திருக்கும் மூன்று வேலைகள்

புதிய கார் வாங்கியவருக்கு முதல் ஓராண்டு சர்வீஸ் பற்றிய கவலை அதிகம் இருப்பதில்லை. பல நிறுவனங்களின் கார்களுக்கு முதல் மூன்று சர்வீஸ்கள் இலவசம். கூலி கிடையாது, எஞ்சின் ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். குழப்பம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது, வண்டியைக் கொண்டுபோய் விட்டால் கைக்கு வரும் எஸ்டிமேட்டில் இருபது வரிகள் இருக்கின்றன. அவற்றில் பாதி என்னவென்றே புரிவதில்லை. "ஓடுகிற வண்டியில் கை வைக்காதே" என்கிறார் வீட்டுப் பெரியவர். "இதைச் செய்யாவிட்டால் வாரன்டி போய்விடும்" என்கிறார் சர்வீஸ் அட்வைசர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் சாதாரண உரிமையாளரால் ஒரு முடிவுக்கு வர முடிவதில்லை.

சர்வீஸ் செலவு தகுமா என்று மொத்தமாகக் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. அந்த ஒரே பில்லுக்குள் தன்மையில் முற்றிலும் வேறுபட்ட மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன. அவற்றில் மிகக் குறைந்த செலவு பிடிப்பது சோதனை. காசுக்கு மிக அதிகப் பலன் தருவதும் அதுவே. வருத்தத்திற்குரியது என்னவென்றால், பல இடங்களில் அவசர அவசரமாக முடிக்கப்படுவதும் அந்தச் சோதனைதான்.

## பில்லுக்குள் இருக்கும் மூன்று வேலைகள்

1. மாற்றுதல். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவை தேய்ந்தோ கெட்டோ போகும் பொருள்கள். இவற்றை எப்போது மாற்ற வேண்டும் என்பது காருடன் தரப்படும் கையேட்டில் அட்டவணையாகவே அச்சிடப்பட்டிருக்கும்.

2. சோதித்தல். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, பிரேக் பேட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எங்கே கசிகிறது, எந்த ரப்பர் கிழிந்திருக்கிறது, எந்த ஜாயின்ட் ஆடுகிறது என்று பார்ப்பது. இதில் எதுவும் மாற்றப்படுவதில்லை. தகவல் மட்டுமே கிடைக்கிறது.

3. கூடுதல் வேலைகள். எஞ்சின் ஃப்ளஷிங் (எஞ்சினின் உட்பகுதியைத் திரவம் விட்டு அலசுதல்), டீகார்பனைசிங் (எஞ்சினுக்குள் படிந்த கரியை நீக்குதல்), இன்ஜெக்டர் கிளீனிங் (எரிபொருளைத் தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்தல்), டெஃப்லான் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம், உட்புற வாசனைப் பராமரிப்பு எனப் பல பெயர்களில் வருபவை. இவற்றில் பெரும்பாலானவை கையேட்டின் அட்டவணையில் இருக்காது.

எஸ்டிமேட்டைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று பேனாவால் குறித்துக்கொள்வது நல்லது. குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

## ஒரு சோதனை எப்போது பயன்படும்?

பழுது ஒரே நொடியில் முளைப்பதில்லை. பெரும்பாலான பழுதுகளுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. கோளாறு கண்ணுக்கோ காதுக்கோ முதன்முதலில் பிடிபடும் நேரம் ஒன்று. அந்தப் பாகம் வேலை செய்வதையே நிறுத்தும் நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசம் இரண்டு சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தைவிட நீளமாக இருந்தால் சோதனை அதைப் பிடித்துவிடும். குறைவாக இருந்தால் எத்தனை கவனமாகப் பார்த்தாலும் நழுவிப் போக வாய்ப்பு உண்டு. காரின் எந்தப் பாகத்திற்கும் இந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

பிரேக் பேடை எடுத்துக்கொள்வோம். புதிய பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது என்றும், ஒரு குறிப்பிட்ட ஓட்டுநரிடம் அது 10,000 கிலோமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் தேய்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 2 மில்லிமீட்டர் மிஞ்சும் நிலைக்கு வர 40,000 கிலோமீட்டர் ஆகும். ஆண்டுதோறும் அளந்து ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டில்) எழுதி வந்தால் எந்த ஆண்டு மாற்ற வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பேட் முழுதும் தேய்ந்து உலோகத் தகடு டிஸ்க்கில் உரசத் தொடங்கிய பிறகு போனால், பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஆக்சிலில் உள்ள ரப்பர் பூட். முன்சக்கர இயக்கமுள்ள கார்களில், கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்களை மூடியபடி, துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை இருக்கும். அதற்குள் கிரீஸ் நிறைந்திருக்கும். வயதாகும்போது, பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல் விழுகிறது. சக்கரம் சுழலச் சுழல உள்ளிருக்கும் கிரீஸ் அந்த விரிசல் வழியே வெளியே தெறித்து, சக்கரத்தின் உட்பக்கத்தில் ஈரமான கறுப்புக் கோடாகப் படிகிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. லிஃப்டுக்கு அடியில் டார்ச் லைட்டுடன் நிற்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். அப்போதே பார்த்துவிட்டால் பூட்டை மாற்றிப் புதிய கிரீஸ் நிரப்பினால் வேலை முடிந்தது. பார்க்காமல் விட்டால் அடுத்த மழையில் சாலைச் சேறும் மணலும் உள்ளே போய் ஜாயின்டின் குண்டுகளை அரைக்கத் தொடங்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது "டக் டக் டக்" என்று சத்தம் கேட்கும் நாளில் ஜாயின்ட் போய்விட்டது என்று பொருள். சில நூறு ரூபாய் ரப்பர் உறை பல ஆயிரம் ரூபாய் ஆக்சில் வேலையாக வளர்வது இப்படித்தான். அவகாசம் மாதக்கணக்கில் இருந்தது. பார்க்க ஆள் இல்லை என்பதே குறை.

கூலன்ட் குழாயின் உப்பல், ரேடியேட்டர் ஓரக் கசிவு, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்ஷின் கிழிசல், ஃபேன் பெல்ட்டின் வெடிப்பு, டயரின் ஒருபக்கத் தேய்மானம் ஆகிய எல்லாமே இதே வகை. மெதுவாக வளர்கின்றன, பார்த்தால் தெரிகின்றன.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் குறித்துப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எழுந்துள்ள அச்சத்தையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்றும், அதை வழக்கமான சர்வீஸின்போதே செய்துகொள்ளலாம் என்றும் 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. அப்படியானால் பழைய கார்களில் எரிபொருள் குழாய்களைத் தொட்டும் முகர்ந்தும் பார்ப்பது இனிச் சோதனையின் கட்டாயப் பகுதியாக வேண்டும். பெட்ரோல் கசிவு செலவோடு முடிகிற விஷயம் அல்ல. தீப்பிடிக்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

## அறிகுறி காட்டாத பாகங்கள்

சில பாகங்கள் கெட்டுப்போவதை வெளியில் காட்டுவதில்லை. அவற்றைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. காலக் கணக்கு வைத்து மாற்றுவதுதான் வழி. "நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்ற கேள்வி ஆபத்தாக முடிவது இங்கேதான்.

பிரேக் ஆயில் இதில் முதலாவது. பெயர் ஆயில் என்றாலும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். தரக்குறியில் டாட் 3 எனப்படும் வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய நிலைக்கு அதே தர அளவு 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியவராது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ ஆள் நிறைந்த காரை பிரேக்கை மிதித்தபடியே இறக்கும்போது, அந்தச் சூட்டில் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை இறங்கிவிடும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும்; ஆவியை அழுத்தினால் அது சுருங்குவதோடு சரி. அதனால்தான் நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல கையேடுகள் வலியுறுத்துகின்றன. செலவு சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். முழு எஸ்டிமேட்டிலும் விட்டுவிடவே கூடாத வரி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்; ஆனாலும் பலர் முதலில் அடித்துவிடுவது இந்த வரியைத்தான்.

இரண்டாவது டைமிங் பெல்ட். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று இசைந்து இயங்க வைப்பது இதுதான். சில எஞ்சின்களில் இந்த வேலையைச் சங்கிலி செய்கிறது. அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு. பெல்ட் உள்ள எஞ்சின்களில் அது மூடிக்குள் மறைந்திருப்பதால் வழக்கமான பார்வையில் படாது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றிச் செய்ய வேண்டிய பெரிய வேலையாகிவிடும். தன் காரில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதை ஒவ்வொரு உரிமையாளரும் ஒருமுறையாவது கையேட்டில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பழைய கார் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மூன்றாவது கூலன்ட். நம் ஊரில் பனி கிடையாது, ஆகவே கூலன்ட் தேவையில்லை, தண்ணீர் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினிய பாகங்கள் அரிக்காமல் காப்பதும் அதன் மற்ற வேலைகள். போர்வெல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். பிறகு ஒரு மே மாத மதியம், சென்னை நெரிசலில் ஏசியுடன் நிற்கும்போது எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் போகும்.

## ஆயில் மாற்றத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்கலாமா?

10,000 கிலோமீட்டர் என்ற எண்ணுக்குப் பின்னால் சராசரியான ஓட்டம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் அந்தத் தூரத்தை ஏறத்தாழ 167 மணி நேரத்தில் கடந்துவிடும். நகர நெரிசலில் சராசரியாக 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் கார் அதே தூரத்துக்கு 667 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது எஞ்சின் நான்கு மடங்கு நேரம் ஓடியிருக்கிறது. சிக்னலில் நிற்கும் நேரத்திலும் ஆயில் சூட்டில் கெட்டுக்கொண்டே இருக்கிறது.

குறுகிய தூர ஓட்டமும் இதே போன்றதுதான். பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், காய்கறிக் கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலின் துளிகளும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆகவே பெரும்பாலான கையேடுகளில், சாதாரணப் பயன்பாட்டுக்கான அட்டவணைக்குப் பக்கத்திலேயே கடினப் பயன்பாட்டுக்கான இன்னொரு அட்டவணை, குறைந்த இடைவெளிகளுடன் இருக்கும். தூசி, வெயில், நெரிசல், குறுகிய தூரம் ஆகியவை அந்தத் தலைப்பின் கீழ் வருபவை. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களுக்குள்ளேயே ஓடும் கார்களில் பல இந்த இரண்டாவது அட்டவணைக்கு உரியவை என்பதே என் கருத்து.

ஆயில் கறுத்துவிட்டது என்பதால் மட்டும் அதை மாற்றத் தேவையில்லை. அழுக்கைத் தன்னுள் மிதக்க வைப்பது அதன் வேலை, கறுப்பது அதற்கு அடையாளம். ஆனால் டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) பால் கலந்த காப்பி போன்ற நிறம் தெரிந்தால் தண்ணீரோ கூலன்டோ ஆயிலில் கலந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு எஞ்சினை ஓட்டக் கூடாது. டிசம்பர் 2015-லும் டிசம்பர் 2023-லும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களின் உரிமையாளர்கள் பலர் இந்தப் பாடத்தைப் பெரும் செலவில் கற்றார்கள்.

## "கை வைக்காதே" என்பதில் உள்ள உண்மை

பெரியவர்கள் சொல்லும் இந்த எச்சரிக்கையைப் புறந்தள்ளிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் வேலை செய்த கான்ராட் வாடிங்டன் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் விமானங்களின் பழுதுப் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு 50 மணி நேரப் பறத்தலுக்குப் பிறகும் முழுப் பராமரிப்புச் சோதனை நடந்துவந்தது. சோதனை முடிந்ததும் பழுதுகள் குறைய வேண்டும், அடுத்த சோதனை நெருங்க நெருங்கக் கூட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. பதிவேடு நேர்மாறாக இருந்தது: சோதனை முடிந்த உடனேதான் எதிர்பாராப் பழுதுகள் மிக அதிகம், பறக்கப் பறக்க அவை குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதிலேயே பல பழுதுகள் உண்டாயின என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பராமரிப்பு முறையை மாற்றியதும் விமானங்கள் பறக்கக் கிடைத்த நேரம் கூடியது.

1978-ல் ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் என்ற இரண்டு பொறியாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காகத் தயாரித்த அறிக்கையும் இதே திசையில் போகிறது. அவர்கள் ஆராய்ந்த விமான பாகங்களில் 89 சதவீதத்துக்கு, வயதைக் கணக்கிட்டு மாற்றுவதால் பலன் இல்லை. 11 சதவீதத்துக்கே வயதோடு பழுது கூடும் போக்கு இருந்தது. விமானத்தின் எண்களை அப்படியே காருக்கு எடுத்து வைக்க முடியாது. ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: வயதோடு தேய்பவற்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவற்றைப் பார்க்க வேண்டும், காரணமில்லாமல் எதையும் கழற்றக் கூடாது.

காரில் இது எப்படி நடக்கும் என்பதற்குச் சிறிய எடுத்துக்காட்டு, பழைய ஆயிலை வடிப்பதற்காகக் கழற்றும் ஆயில் ட்ரெயின் போல்ட். அதன் கீழுள்ள வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு, கசியக் கூடாதே என்று அளவுக்கு மீறி இறுக்கினால், எஞ்சினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கும் அலுமினியத் தட்டான ஆயில் பேனின் மரை தேய்ந்துவிடும். அடுத்த சர்வீஸில் அந்த போல்ட் நிற்காது. சரியாகச் செய்திருந்தால் சில ரூபாய் வாஷரோடு முடிந்திருக்கும் விஷயம் இது. ஆகவே எத்தனை முறை சர்வீஸ் செய்தோம் என்பதைவிட, யார் கையால் செய்தோம் என்பதே அதிகம் பொருட்படுத்த வேண்டியது.

## சட்டம் எதைச் சோதிக்கிறது?

புகைச் சான்றிதழ் எடுத்திருக்கிறோமே, வண்டி நல்ல நிலையில்தானே இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சான்று புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவை மட்டுமே அளக்கிறது. பிரேக், டயர், ஸ்டியரிங் எதையும் அது தொடுவதில்லை. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வாடகை, சரக்கு வாகனங்களுக்குத்தான் அடிக்கடி தேவை. சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை வருகிறது.

இதை வேறு நாடுகளோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். பிரிட்டனில் புதிய கார் மூன்று ஆண்டுகளை எட்டியதும் ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சொந்தக் கார்களுக்கு முதல் சோதனை மூன்றாம் ஆண்டில், பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று. இங்கோ, முதல் 15 ஆண்டுகள் அந்தக் காரின் பிரேக்கை யாராவது பார்க்கிறார்களா என்பது முழுக்க உரிமையாளரைப் பொறுத்தது. சர்வீஸ் சென்டரில் நடக்கும் சோதனையைத் தவிர வேறு பாதுகாப்பு வளையம் எதுவும் இல்லை.

அதே நேரம், சோதனை விபத்துகளைத் தடுக்கும் என்று மிகைப்படுத்தியும் சொல்லக் கூடாது. நார்வேயில் 2,04,000 கார்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும், இன்னொன்றுக்கு ஒரே ஒருமுறை, மூன்றாவதற்குச் சோதனையே இல்லை என்று நடத்திய ஆய்வின் முடிவு 1992-ல் வெளியானது. சோதிக்கப்பட்ட கார்களின் இயந்திர நிலை மேம்பட்டது. விபத்து எண்ணிக்கையில் வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்கான பாதுகாப்புச் சோதனையை நீக்கிவிட்டது. பெரும்பாலான விபத்துகளுக்கு ஓட்டுபவரின் செயலே காரணம் என்பதும், வண்டியில் குறை இருப்பதை உணர்ந்தவர் மெதுவாக ஓட்டுவார் என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள். ஆகவே அச்சமூட்டி விற்கப்படும் சர்வீஸை நம்ப வேண்டியதில்லை. சோதனைக்கு ஆதரவான வலுவான காரணம் பணக் கணக்கில் இருக்கிறது. மலைச்சாலை பிரேக் போன்ற சில இடங்களில் மட்டும் உயிரும் அதில் சேர்கிறது.

## பணக் கணக்கு

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை விளக்கத்துக்கான தோராய எண்கள். ஊருக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும்.

1. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், ஆண்டு எரிபொருள் செலவு ஏறத்தாழ 66,700 ரூபாய். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு.

2. அட்டவணைப்படியான மாற்றங்களும் முழுச் சோதனையும் சேர்ந்து 5,000 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 50 காசு.

3. அதே பில்லில் கூடுதல் வேலைகளாக இன்னொரு 5,000 ரூபாய் ஏறினால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய். செலவு இரட்டிப்பாகிறது, வண்டியின் ஆயுளில் அதற்கேற்ற மாற்றம் எதுவும் வருவதில்லை.

4. சோதனையின் பங்கு மட்டும் 1,200 ரூபாய் என்று வைத்தால் ஐந்தாண்டுக்கு 6,000 ரூபாய். மேலே சொன்ன பூட் கிழிசல் போன்ற ஒன்றை ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒருமுறை தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, 1,000 ரூபாயில் முடித்து, 8,000 ரூபாய் ஆக்சில் வேலையைத் தவிர்த்தாலே போட்ட பணம் திரும்பி, மேற்கொண்டு ஆயிரம் மிஞ்சுகிறது.

உதிரி பாகங்களில் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டிருந்தவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பில்லில் பழைய விகிதம் போடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கார் பழையதாக ஆக இந்தக் கணக்கின் சாய்வு மாறுகிறது. புதிய காரில் சோதனை பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்காது. எட்டு, பத்து ஆண்டு ஓடிய காரில் ஒவ்வொரு சோதனையிலும் ஏதாவது ஒன்று அகப்படும். ஆனால் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வாரன்டி உள்ள வரை தவறாமல் கொண்டுபோய்விட்டு, தேவை கூடும் வயதில் கைவிட்டுவிடுகிறார்கள்.

## வாரன்டியும் வெளி மெக்கானிக்கும்

அட்டவணைப்படி பராமரித்திருக்க வேண்டும் என்பது வாரன்டியின் நிபந்தனை. ஆயில் மாற்றாமல் எஞ்சின் போனால் கோரிக்கை நிராகரிக்கப்படும். ஆனால் "எங்கள் இடத்தைத் தவிர வேறு எங்கும் தொடக் கூடாது" என்பது வேறு விஷயம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததே குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தாலே வாரன்டி ரத்து என்ற பொத்தாம்பொதுவான நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும் அந்த ஆணை கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

நடைமுறையில், வாரன்டி உள்ள வரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அட்டவணை வேலைகளை மட்டும் செய்துகொள்வது வழக்குக்கு இடமில்லாத வழி. கூடுதல் வேலைகளை மறுத்தால் வாரன்டி போகாது. கையேட்டில் இல்லாத வேலையைச் செய்யாததற்காக அதை ரத்து செய்ய முடியாது. வாரன்டி முடிந்ததும் நல்ல வெளி மெக்கானிக் ஒருவரிடம் போவதில் தவறில்லை. அவர் சரியான தரத்திலுள்ள ஆயிலைப் போடுகிறாரா, பில் தருகிறாரா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பிஎஸ் 6 புகைத்தர விதிப்படி வந்த டீசல் கார்களுக்கு, புகை வடிகட்டியை அடைக்காத தனி வகை ஆயில் தேவை. அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

## எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

எஞ்சின் ஃப்ளஷிங்கும் டீகார்பனைசிங்கும் நேரத்துக்கு ஆயில் மாற்றிவரும் எஞ்சினுக்குத் தேவையில்லை. இன்ஜெக்டர் கிளீனிங், இழுவைக் குறைவோ ஸ்டார்ட்டிங் சிரமமோ இருந்தால் மட்டும். டெஃப்லான் கோட்டிங் அழகுக்கான செலவு. விருப்பம் இருந்தால் செய்துகொள்ளலாம். அடிப்பாக கோட்டிங்கை நான் முழுதும் நிராகரிக்க மாட்டேன்: தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடலோரப் பகுதிகள் போன்ற உப்புக்காற்று இடங்களில், தொழிற்சாலையில் பூசிய பூச்சு பெயர்ந்திருந்தால் ஒருமுறை செய்வது நியாயமே. வீல் அலைன்மென்டை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. பள்ளம் நிறைந்த சாலையில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது டயர் செலவை மிச்சப்படுத்தும்.

சர்வீஸுக்கு விடும்போது கேட்க வேண்டியவை மூன்று:

1. நான்கு சக்கரங்களின் பிரேக் பேட், ஷூ தடிமனையும் டயர் பள்ளத்தின் ஆழத்தையும் மில்லிமீட்டரில் ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும். காருக்கு டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. "எல்லாம் ஓகே" என்ற டிக் அடையாளம் சோதனை நடந்ததற்குச் சான்று ஆகாது. எண் எழுதப்பட்டிருந்தால்தான் யாரோ அளந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

2. வண்டி லிஃப்டில் இருக்கும்போது ஐந்து நிமிடம் அடியில் நின்று பார்க்க அனுமதி வேண்டும். மறுத்தால், பூட், புஷ், கசிவு இடங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

3. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். பாகம் உண்மையிலேயே மாற்றப்பட்டதா என்பதும், மாற்ற வேண்டிய நிலையில் இருந்ததா என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

## அதிகம் ஓடாத காரும் மின்சாரக் காரும்

மின்சாரக் காரில் எஞ்சின் ஆயிலும் பிளக்கும் இல்லை. ஆனால் பிரேக் ஆயில், டயர், சஸ்பென்ஷன், ஆக்சில் பூட் எல்லாம் இருக்கின்றன; பல மாடல்களில் பேட்டரிக்கான கூலன்டும் உண்டு. மாற்றும் செலவு குறைகிறது. சோதனையின் தேவை குறையவில்லை.

ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் காருக்கு "இன்னும் 10,000 ஆகவில்லையே" என்று மூன்று ஆண்டுகள் சர்வீஸ் செய்யாமல் விடுவது பணி ஓய்வு பெற்றவர்களிடமும் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் அடிக்கடி காணப்படுவது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதற்கு வண்டி ஓட வேண்டியதில்லை. ரப்பர் நின்ற இடத்திலேயே இறுகுகிறது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 2317 என்று இருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் புதிது போல ஆழமாக இருந்தாலும் அந்த வயதில் பக்கச்சுவரில் நுண்விரிசல்கள் வந்திருக்கக்கூடும். பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும் முன் அந்த எண்ணை ஒருமுறை குனிந்து படித்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் ஆகாது.